உருபைத் தொலைத்த வாக்கியம்: கெர்னல் நிரலின் தரவுச் சார்பும் சி மொழியின் பொறுப்பும்

லினக்ஸ் கெர்னலை எழுதுபவர்கள் சி மொழியின் தரநிலையை மதிப்பதில்லை என்பது கணினி அறிவியல் வட்டாரங்களில் நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் குற்றச்சாட்டு. ஒரு பாயிண்டரை வாசிக்கிறார்கள். அது காட்டும் இடத்தை, நடுவில் தடுப்பு எதுவும் வைக்காமல், அடுத்த வரியிலேயே வாசிக்கிறார்கள். முதல் வாசிப்பு முடிந்த பிறகே இரண்டாவது நிகழும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குத் தரநிலையில் ஆதாரம் இல்லை. ஆகவே அவர்கள் எழுதுவது சி மொழியே அன்று. இப்படித் தீர்ப்பு எழுதிவிட்டு எழுந்து போவது எளிது. ஆனால் தீர்ப்பு எழுதியவரின் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு பேசி, ஒவ்வொரு முறை ஒரு கோப்பைத் திறக்கும்போதும் அந்தச் ‘சி மொழியே அல்லாத’ நிரலைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

குற்றச்சாட்டில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2022-ஆம் ஆண்டு வெளிவந்த 5.18 பதிப்புக்கு முன்பு வரை கெர்னல் தொகுக்கப்பட்டது 1989-ஆம் ஆண்டுச் சி மொழியின் குனு வடிவத்தில். அந்தச் சி மொழிக்குத் திரெட் என்றால் என்னவென்றே தெரியாது. பல செயலிகள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் உலகில், அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத இலக்கணத்தை வைத்துக்கொண்டு இயங்குதளம் எழுத நேர்ந்தவர்கள் தங்களுக்கென ஒரு வழக்கை உருவாக்கிக்கொண்டார்கள். பிறகு 2011-இல் இலக்கணம் வந்தது. வந்ததும் வழக்கைப் பார்த்து ‘பிழை’ என்றது. வழக்கு முந்தியதா, இலக்கணம் முந்தியதா என்ற கேள்வி மொழியியல் படித்தவர்களுக்குப் புதிதன்று. பேசுபவர்கள் அனைவரும் நாள்தோறும் பயன்படுத்தும் ஓர் அமைப்பை விளக்க இயலாத இலக்கணத்தை மொழியியல் எப்போதும் குறையுள்ள இலக்கணம் என்றே சொல்லும். கணினி அறிவியல் மட்டும் ஏன் பேசுபவரைக் குற்றவாளி ஆக்குகிறது?

முதலில் வழக்கு எது என்று பார்க்க வேண்டும். ஒரு திரெட் நினைவகத்தில் புதிய பதிவு ஒன்றை உருவாக்கி, அதன் புலங்களை நிரப்பி, முடிவில் அதன் முகவரியை ஒரு பொதுப் பாயிண்டரில் இடுகிறது. நிரப்புவதற்கும் முகவரியை இடுவதற்கும் நடுவே முறையான தடுப்பு உண்டு; அதில் யாருக்கும் சண்டை இல்லை. வேறொரு செயலியில் ஓடும் திரெட் அந்தப் பொதுப் பாயிண்டரை வாசித்து, கிடைத்த முகவரிக்குச் சென்று புலத்தை வாசிக்கிறது. இந்த இரண்டாவது வாசிப்பு முதல் வாசிப்பைச் சார்ந்தது: முகவரி கைக்கு வராமல் அந்த முகவரிக்குப் போக முடியாது. இதற்கு முகவரிச் சார்பு என்று பெயர். வாசித்த மதிப்பைக் கொண்டு கணக்கிட்டு இன்னோர் இடத்தில் எழுதினால் அது தரவுச் சார்பு. வாசித்த மதிப்பைச் சோதித்து, சோதனையின் விளைவைப் பொறுத்து எழுதினால் அது கட்டுப்பாட்டுச் சார்பு.

இன்றைய செயலிகள் நிரலில் உள்ள வரிசையை அப்படியே பின்பற்றுவதில்லை. ஆர்ம், பவர், ரிஸ்க்-வி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத வாசிப்புகளை முன்பின்னாக மாற்றிக்கொள்ள உரிமை பெற்றவை. ஆனால் முகவரிச் சார்பையும் தரவுச் சார்பையும் அவை மதிக்கின்றன. கட்டுப்பாட்டுச் சார்பை, அதன் பின்னால் வருவது எழுதும் செயலாக இருந்தால் மட்டும் மதிக்கின்றன. வாசிப்பாக இருந்தால் செயலி ஊகத்தின் பேரில் முன்கூட்டியே வாசித்துவிடலாம். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சார்பு ‘உண்மையானதா’ என்று இந்தச் செயலிகள் கேட்பதில்லை. வாசித்த மதிப்பை அதனோடே எக்ஸார் செய்தால் விடை எப்போதும் சுழியம். அந்தச் சுழியத்தை அடுத்த முகவரியோடு கூட்டினாலும் ஆர்ம் செயலி அதைச் சார்பாகவே எடுத்துக்கொண்டு வரிசையைக் காக்கும். ரிஸ்க்-வி கையேடு இதற்குத் ‘தொடரியல் சார்பு’ என்றே பெயர் சூட்டியிருக்கிறது. கட்டளையில் எந்தப் பதிவேட்டின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் அங்கே சட்டம். அதன் பொருள் என்ன என்பது செயலியின் கவலை அன்று.

இந்த ஒழுங்குக்கு விலக்காக நின்ற புகழ்பெற்ற செயலி ஒன்றே ஒன்று: 1992-இல் வந்த டெக் ஆல்ஃபா. கேஷ் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கையில், பாயிண்டர் இருக்கும் பகுதி புதிய செய்தியைப் பெற்றுவிட, அது காட்டும் பதிவு இருக்கும் பகுதி பழைய செய்தியோடே தங்கிவிடும் நிலைக்கு ஆல்ஃபாவின் விதிகள் இடம் கொடுத்தன. புதிய முகவரி, பழைய சரக்கு. இந்த ஒரு செயலிக்காக லினக்ஸ் கெர்னல் தனித் தடுப்பு ஒன்றைப் பல ஆண்டுகள் சுமந்தது. 2018 தொடக்கத்தில் வந்த 4.15 பதிப்பில் அது பொதுவான வாசிப்பு மேக்ரோவுக்குள் கரைக்கப்பட்டது. அதாவது வன்பொருளின் பக்கம் இந்தச் சிக்கல் பெரும்பாலும் முடிந்த கதை. முடியாத கதை கம்பைலரின் பக்கம் இருக்கிறது.

தமிழ் படித்தவருக்கு இதை விளக்கப் புதிய உவமை தேட வேண்டியதில்லை. தமிழில் சொற்களின் வரிசை பெரிதும் தளர்வானது. ‘புலி யானையைக் கொன்றது’, ‘யானையைப் புலி கொன்றது’, ‘கொன்றது புலி யானையை’ என்று எப்படி மாற்றி வைத்தாலும் யார் கொன்றார், யார் செத்தார் என்பதில் குழப்பம் வராது. வரிசை சொல்லாததை ‘ஐ’ என்ற உருபு சொல்லிவிடுகிறது. அந்த உருபு தொக்குவிட்டால் இலக்கண வகுப்பில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் ‘புலி கொன்ற யானை’ பிறக்கிறது. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? வரிசை தளர்ந்த மொழியில் உருபே உயிர்.

கெர்னல் நிரலில் சார்பு என்பது இந்த உருபு. செயலி, சொற்களை மாற்றி அடுக்கும் உரிமை பெற்றது. ஆனால் உருபை மதிக்கும். கம்பைலரோ தேர்ந்த பதிப்பாசிரியரைப் போன்றது. பொருள் தெளிவாகத் தெரியும் இடத்தில் உருபு மிகை என்று அடித்துவிடும். பதிப்பாசிரியர் தம் விதிப்படி பிழை செய்யவில்லை: அவர் பார்த்த வரிசையில் பொருள் மாறவில்லை. அடுக்குபவரும் பிழை செய்யவில்லை: அவர் கைக்கு வந்த வாக்கியத்தில் உருபு இல்லை. இருவரும் தத்தம் கடமையைச் சரியாகச் செய்து முடித்த பிறகு யானை செத்துக் கிடக்கிறது.

இது கற்பனை அச்சம் அன்று. கெர்னலின் ஆவணங்களே இத்தகைய இடங்களை ஒவ்வொன்றாக எண்ணி எச்சரிக்கின்றன. பொதுப் பாயிண்டரை வாசித்த பிறகு, அது ஒரு குறிப்பிட்ட இயல்புநிலைப் பதிவின் முகவரிக்குச் சமமா என்று சோதித்து, சமமானால் அந்தப் பாயிண்டர் வழியாகப் புலத்தை வாசிக்கும் நிரலை எடுத்துக்கொள்ளலாம். சோதனைக்குள் நுழைந்துவிட்டால் பாயிண்டரின் மதிப்பு என்னவென்று கம்பைலருக்குத் தெரியும். பாயிண்டருக்குப் பதில் அந்தப் பதிவின் நிலையான முகவரியையே இட்டுவிட அதற்கு முழு உரிமை உண்டு. இட்டுவிட்டால் முகவரிச் சார்பு மறைந்து, எஞ்சுவது கட்டுப்பாட்டுச் சார்பு. பின்னால் வருவது வாசிப்பு என்பதால் ஆர்ம் செயலி அதை முன்னதாகவே வாசித்துவிடலாம். பழைய மதிப்பு கைக்கு வரும். இன்னோர் எடுத்துக்காட்டு: வாசித்த மதிப்பை ஒரு மாறிலியால் வகுத்து மீதியைச் சோதித்து, மீதி சுழியம் அல்லாவிட்டால் ஒன்று, சுழியமானால் வேறொன்று எழுதும் நிரல். அந்த மாறிலி ஏதோ ஓர் அமைப்பில் 1 என்று வரையறுக்கப்பட்டால் மீதி எப்போதும் சுழியம். சோதனை காணாமல் போகிறது. அதோடு கட்டுப்பாட்டுச் சார்பும் காணாமல் போகிறது. நிரலை எழுதியவர் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. எங்கோ ஒரு தலைப்புக் கோப்பில் ஓர் எண் மாறியது, அவ்வளவே.

இவ்வகைப் பிழையைக் கண்டுபிடிப்பதன் துன்பத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். அது சோதனைக் கூடத்தில் நிகழ மறுக்கும். எக்ஸ்86 செயலியில் வாசிப்புகள் தமக்குள் வரிசை மாறியதாக நிரலுக்குத் தென்படுவதில்லை; ஆகவே மடிக்கணினியில் ஆண்டுக்கணக்கில் சோதித்தாலும் அது வெளிப்படாது. ஆர்ம் பேசியில் அரிதாக, வேறொருவர் கையில், வேறொரு கம்பைலர் பதிப்பில் வெளிப்படும். வெளிப்படும்போதும் தன் பெயரைச் சொல்லாது. எங்கோ ஒரு பட்டியல் சிதைந்தது, எங்கோ ஒரு பாயிண்டர் குப்பையைக் காட்டியது என்று மட்டும் சொல்லும். மூல நிரலைப் படிப்பவர் கண்ணுக்கு உருபு தெரியும். ஓடுகிற நிரலில் அது இராது.

இத்தனை ஆபத்து இருந்தும் கெர்னல் ஏன் சார்பை நம்புகிறது? ஆர்.சி.யு. எனப்படும் ‘படி, நகலெடு, புதுப்பி’ முறையே விடை. வாசிப்பவர் பூட்டு எதையும் தொடாமல், தடுப்பு எதையும் இடாமல் வாசிக்கலாம். மாற்ற விரும்புபவர் நகலெடுத்து மாற்றி, புதிய பாயிண்டரை இட்டு, பழைய வாசகர்கள் எல்லாரும் வெளியேறும்வரை காத்திருந்து பழையதை அழிக்க வேண்டும். கோப்பின் பாதையைத் தேடுவது, வலைப்பின்னலில் பொதிக்கு வழி தேடுவது போன்ற, மாற்றம் அரிதாகவும் வாசிப்பு இடைவிடாமலும் நிகழும் இடங்களுக்கு இதுவே உயிர்நாடி. 2002 அக்டோபரில் 2.5.43 பதிப்பில் இது லினக்ஸுக்குள் வந்தது. பால் மெக்கென்னியின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அந்த நிரலை லினக்ஸுக்குள் கொண்டுசேர்த்தவர்களில் முதன்மையானவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் பெங்களூருக் கிளையில் பணிபுரிந்த தீபங்கர் சர்மா என்பது இந்திய வகுப்பறைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த முறையின் வாசகர் பக்கம் முழுவதும் முகவரிச் சார்பு என்ற ஒற்றை ஆணியில் தொங்குகிறது.

தரநிலைக் குழு இதை அறியாமல் இல்லை. 2011-இல் சி, சி++ இரண்டிலும் ‘கன்ஸ்யூம்’ என்ற வரிசை வகை இதற்கென்றே சேர்க்கப்பட்டது. ஆனால் சேர்த்த விதம் அதன் சாவுக்கு நாள் குறித்தது. வாசித்த மதிப்பு எந்தக் கோவைக்குள் சென்றாலும், எத்தனை முழுஎண் கணக்குகளைக் கடந்தாலும், சார்பு தொடரும் என்றது விதி. ஒரு மதிப்பிலிருந்து அதையே கழித்தால் வரும் சுழியமும் சார்பைச் சுமக்க வேண்டும். சார்பு ஒரு செயற்கூறின் எல்லையைக் கடக்கும் இடத்தில் தனிக் குறியீடு இட வேண்டும். எங்கே முடிகிறதென்று சொல்ல வேறொரு குறியீடு. கம்பைலரின் எந்தக் கட்டத்திலும் எந்தச் சுருக்கமும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத நூலை அறுத்துவிடக் கூடாது. கம்பைலர் எழுதுபவர்கள் நியாயமாகவே கையை விரித்தார்கள். குனு கம்பைலரும் கிளாங்கும் கன்ஸ்யூமைக் கண்ட இடமெல்லாம் அதைவிட வலுவான ‘அக்வயர்’ ஆக மாற்றிவிட்டன. 2017-இன் சி++ தரநிலை அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது. சி++26-இல் அது கைவிடத்தக்கவற்றின் பட்டியலுக்குப் போனது. ரஸ்ட் மொழியின் செந்தர நூலகம் அந்த வகையைத் தொடக்கத்திலிருந்தே சேர்க்கவில்லை.

இங்கிருந்துதான் பிழையான முடிவு ஒன்று எடுக்கப்படுகிறது. கன்ஸ்யூம் தோற்றது; ஆகவே சார்பை ஒரு மொழியில் வரையறுப்பதே இயலாது; ஆகவே சார்பை நம்புவோர் பாவிகள். தோற்றது ஒரு வரையறை. எல்லா முழுஎண்களிலும், எல்லாக் கோவைகளிலும், எழுதுபவர் கேட்காமலேயே பரவும் சார்பு தோற்றது. பாயிண்டர்களோடு நின்றுகொள்ளும், எழுதுபவர் வெளிப்படையாகக் குறியிட்ட மாறிகளோடு நின்றுகொள்ளும் குறுகிய வரையறைகளும் குழுவின் முன் வைக்கப்பட்டன. அவை ஏற்கப்படாமல் கிடப்பில் போனதற்கு இயலாமையைக் காரணம் காட்ட முடியாது.

ஏனெனில் இயலும் என்பதற்குச் சான்று இருபது ஆண்டுகளாகக் கண்முன் நிற்கிறது. ஜாவா 5-இல் வந்த நினைவக மாதிரி, மாறாப் புலங்களுக்குத் தனி உறுதி அளிக்கிறது. முறையாகக் கட்டி முடிக்கப்பட்ட பொருளின் முகவரியைப் பெற்ற எந்தத் திரெடும், அந்த முகவரி வழியாக அதன் மாறாப் புலங்களை வாசித்தால் சரியான மதிப்பையே பெறும். வாசிப்பவர் பூட்டவோ தடுப்பு வைக்கவோ வேண்டாம். இந்த உறுதியை வரையறுக்க ஜாவாவின் மொழி விவரணம் ஒரு பொருளிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் முகவரித் தொடரையே முறையான உறவாக எழுதி வைத்திருக்கிறது. ஆர்ம் செயலியில் அதை நிறைவேற்றுவது முகவரிச் சார்புதான். முழுஎண் விளையாட்டுக்கு இடமில்லாத, முகவரிகளோடு நின்றுகொண்ட ஒரு சார்பைச் சட்டமாக்க முடிந்தது. சி மொழியில் பாயிண்டர் கணக்கு உண்டு, ஆகவே கடினம் கூடுதல் என்பது உண்மை. கடினம் கூடுதல் என்பதும் இயலாது என்பதும் ஒன்றல்ல.

அடுத்து, கல்விப்புலத்தின் பங்கு. தளர்ந்த நினைவக மாதிரிகளைப் பற்றிய கோட்பாட்டு ஆய்வின் பெரும்பகுதி ‘வெறும் காற்றிலிருந்து வரும் மதிப்புகள்’ என்ற ஒரே புதிரைச் சுற்றி வந்திருக்கிறது. ஒரு திரெட் எக்ஸை வாசித்து அதை ஒய்யில் எழுதுகிறது. மற்றது ஒய்யை வாசித்து எக்ஸில் எழுதுகிறது. இரண்டும் தொடக்கத்தில் சுழியம். முடிவில் இரண்டிலும் 42 இருக்க முடியுமா? எந்தச் செயலியும் எந்தக் கம்பைலரும் அப்படிச் செய்யாது. ஆனால் 2011-இன் முறையான விதிகள் அதைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டுமானால் உண்மையான சார்பையும் போலிச் சார்பையும் பிரித்தாக வேண்டும். நிரலின் ஒரே ஓட்டத்தை மட்டும் பார்த்து அதைப் பிரிக்க முடியாது என்று 2015-இல் மார்க் பாட்டியும் அவர் குழுவினரும் காட்டினார்கள். 2014-இல் ஹான்ஸ் போயமும் பிரையன் டெம்ஸ்கியும் வாசிப்புக்குப் பின் வரும் பதிவை அதற்கு முன்னே நகர்த்துவதையே தடைசெய்துவிடலாம் என்றார்கள். 2017-இல் வந்த ‘வாக்குறுதி’ மாதிரி, ஒரு திரெட் தான் பின்னர் எழுதப்போவதை முன்கூட்டியே உறுதியளிக்கும் அழகிய அமைப்பைக் கட்டியது. இவை ஒவ்வொன்றும் அறிவுழைப்பின் உச்சம். அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை எழுப்பும் கேள்வி, எந்தச் சார்பு பொருளளவில் உண்மையானது என்பது. கெர்னல் எழுதுபவருக்கு அந்தக் கேள்வியின் விடையால் பயனில்லை. பொருளளவில் உண்மையான சார்பு என்பது கம்பைலர் எவ்வளவு அறிந்திருக்கிறது என்பதைப் பொறுத்துச் சுருங்கிக்கொண்டே போவது. ஒரு கோப்பை மட்டும் பார்க்கும் கம்பைலருக்கு உண்மையாகத் தெரியும் சார்பு, எல்லாக் கோப்புகளையும் இணைத்துப் பார்க்கும் கம்பைலருக்குப் போலியாகத் தெரியலாம். அந்தப் பாயிண்டருக்கு ஓடும் காலத்தில் இரண்டே மதிப்புகள் உண்டு என்று அது கண்டுபிடித்துவிட்டால், ஒரு சோதனை வைத்து இரண்டையும் நிலையான முகவரிகளாக மாற்றிவிடும். எதிராளியின் அறிவு வளர வளரத் தேய்ந்துகொண்டே போகும் ஒன்றை ஒப்பந்தம் என்று அழைப்பதில் பொருளில்லை. எழுதியவர் கையெழுத்திட்டது எழுத்துக்கு. மறுதரப்பு நிறைவேற்றுவது தான் புரிந்துகொண்ட பொருளை.

இது வெறும் ஊகம் அன்று என்பதற்கு லினக்ஸின் ஆர்ம்64 பகுதியே சாட்சி. முழு நிரலையும் இணைக்கும்போது சுருக்கும் வசதிக்கு இடம் கொடுக்க முற்பட்ட 2020-இல், அந்த வசதி இயங்கும்போது பொதுவான வாசிப்பு மேக்ரோ முழுவதையும் அக்வயர் ஆக வலுப்படுத்தும் மாற்றம் சேர்க்கப்பட்டது. முகவரிச் சார்பைக் கம்பைலர் கட்டுப்பாட்டுச் சார்பாக மாற்றிவிடும் ஆபத்து கூடுகிறது என்பதே அந்த நிரலின் குறிப்புரை சொல்லும் காரணம். சார்பு தேவைப்படும் இடம், தேவைப்படாத இடம் என்ற வேறுபாடு இன்றி எல்லா வாசிப்பும் விலை கொடுக்கிறது. காரணம், தேவைப்படும் இடத்தைக் கம்பைலருக்குச் சொல்ல மொழியில் ஒரு சொல் இல்லை.

2018-இல் ஜேட் அல்க்ளேவ், லூக் மரான்ஜே, பால் மெக்கென்னி, ஆந்த்ரேயா பாரி, ஆலன் ஸ்டெர்ன் ஆகியோர் வெளியிட்ட லினக்ஸ் கெர்னல் நினைவக மாதிரிக்கு ஒரு பெருமை உண்டு: அது வழக்கிலிருந்து இலக்கணத்தை எடுத்தது. கெர்னல் எழுதுபவர்கள் எதை நம்புகிறார்களோ அதைக் கேட்டறிந்து விதியாக எழுதியது. முகவரி, தரவு, கட்டுப்பாடு என மூன்று சார்புகளுக்கும் அங்கே இடம் உண்டு. வாசித்த மதிப்பைச் சுழியத்தால் பெருக்கி எழுதினால் அது தொடரியலில் மட்டும் உள்ள சார்பு, பொருளில் இல்லாதது என்று அதன் விளக்க ஆவணம் நேர்மையாகவே சொல்கிறது. ஆனால் அந்த நேர்மையோடு அதன் அதிகாரம் முடிகிறது. கம்பைலர் அந்தச் சார்பை அறுத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மாதிரியிடம் விடை இல்லை; ‘இப்படி எழுதாதீர்கள், அப்படி ஒப்பிடாதீர்கள்’ என்ற ஆசாரக் கோவை ஒன்று மட்டும் உண்டு. நிரலாளர் கம்பைலரின் மனத்தை ஊகித்து நடக்க வேண்டும். ஆசாரத்தால் காக்கப்படும் சரித்தன்மை, ஆசாரம் அறியாத அடுத்த தலைமுறையிடம் உடையும்.

எதிர்த்தரப்பு வாதங்களை நேராகச் சந்திப்பது முறை. அக்வயர் இன்று மலிவு, எல்லா இடத்திலும் அதையே இட்டுவிட்டால் என்ன என்பது முதல் வாதம். புதிய ஆர்ம்64 செயலிகளில் அதற்கெனத் தனி வாசிப்புக் கட்டளை உண்டு; அங்கே இந்த வாதத்துக்கு வலு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பவரிலும் 32-பிட் ஆர்மிலும் அது தனித் தடுப்புக் கட்டளை ஆகிறது. ரிஸ்க்-வியின் அடிப்படைக் கட்டளைத் தொகுதியில் சாதாரண வாசிப்புக்கு அக்வயர் வடிவமே இல்லை, வாசிப்புக்குப் பின் ஒரு வேலி இட வேண்டும். விலை ஒருபுறம் இருக்க, அக்வயர் சொல்வது வேறு பொருள்: ‘இதற்குப் பின் வரும் எதுவும் முன்னே போகாதே’. சார்பு சொல்வது: ‘இதிலிருந்து பிறந்தது மட்டும் இதற்குப் பின்னே வரட்டும்’. ஒரு சொல் இல்லாத குறையை வேறொரு பெரிய சொல்லால் மூடுவது மொழிக்கு வளம் சேர்ப்பதாகாது.

இரண்டாவது வாதம், சார்பைக் காக்கச் சொன்னால் கம்பைலரின் சுருக்கும் திறன் முடங்கும் என்பது. குறியிட்ட பாயிண்டர்களில் மட்டும் காக்கச் சொல்வது எதையும் முடக்காது. குறியிடாத கோடிக்கணக்கான வரிகளில் பதிப்பாசிரியர் தம் கத்தரியை விருப்பம்போல் வீசலாம். மூன்றாவது வாதம், இது கெர்னல் என்ற ஒரே வாடிக்கையாளரின் தேவை என்பது. ஆர்.சி.யு. இன்று பயனர் தள நூலகமாகவும் உண்டு. ஜாவாவின் மாறாப் புலங்களைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிரலாளரும் அறியாமலேயே இந்த வாடிக்கையாளர்தான். ஒருவர் மட்டும் கேட்கிறார் என்று தோன்றுவதற்குக் காரணம், மற்றவர்களுக்குத் தங்கள் தேவையின் பெயர் தெரியாமல் இருப்பது.

பெயர் தெரியாமல் இருப்பதில் வகுப்பறைக்கும் பங்கு உண்டு. இயங்குதளப் பாடத்தில் பீட்டர்சனின் 1981-ஆம் ஆண்டு வழிமுறை கரும்பலகையில் மெய்ப்பிக்கப்படுகிறது. லேம்போர்ட் 1979-இல் வரையறுத்த வரிசை ஒருமை அங்கே சொல்லாமலே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இன்றைய செயலியில் தடுப்புகள் இன்றி அது ஓடாது என்பது அடிக்குறிப்பு அளவில் வந்தால் பெரிது. கம்பைலர் பாடத்தில் சுருக்கங்கள் ஒற்றைத் திரெட் உலகில் சரியானவை என்று மெய்ப்பிக்கப்படுகின்றன. கணினிக் கட்டமைப்புப் பாடத்தில் கேஷ் ஒத்திசைவு சொல்லப்படுகிறது. மூன்று பாடங்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் நினைவக மாதிரி விழுந்து கிடக்கிறது. மூன்றிலும் முதல் மதிப்பெண் பெற்ற மாணவரால், இரண்டு திரெட்கள், நான்கு வரிகள் கொண்ட நிரலின் முடிவுகளைச் சொல்ல முடிவதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’யும் சி-டாக் நிறுவனத்தின் ‘வேகா’வும் ரிஸ்க்-வி குடும்பத்தைச் சேர்ந்தவை. தொடரியல் சார்பைச் சட்டமாக எழுதிய கட்டளைத் தொகுதியின் மேல் ஒரு நாடு தன் செயலிகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, அந்தச் சட்டத்தைப் படிக்காத பட்டதாரிகளை உருவாக்குவது பொறுப்பான செயல் ஆகாது. ‘ஹெர்ட்’ கருவி இலவசம். கெர்னல் மாதிரியின் விதிகள் கெர்னலின் மூல நிரலோடே கிடைக்கின்றன. ஒரு பருவத்தில் நான்கு வாரங்கள் போதும்.

கோரிக்கை சுருக்கமானது. சி மொழிக்கு நீக்க முடியாத ஓர் உருபு வேண்டும். எழுதுபவர் ஒரு பாயிண்டரின் மேல் அதை இட்டால், அந்தப் பாயிண்டர் வழியாகச் செல்லும் வாசிப்பும் பதிவும் அந்த மதிப்பிலிருந்தே முகவரியைப் பெற வேண்டும். சமமான வேறு முகவரி தெரிந்திருந்தாலும் கம்பைலர் அதை மாற்றி வைக்கக் கூடாது. சார்பு உண்மையா போலியா என்ற தத்துவ விசாரணை இதற்குத் தேவையில்லை. எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே காக்கப்பட வேண்டும். செயலிகள் பல ஆண்டுகளாக அப்படித்தான் நடந்துகொள்கின்றன. கோட்பாட்டாளர்கள் தம் திறமையைப் பொருளைத் தேடுவதோடு நிறுத்தாமல், இப்படியொரு எழுத்துச் சட்டம் பிற சுருக்கங்களோடு முரணின்றி வாழும் என்று மெய்ப்பிப்பதிலும் செலவிடலாம். அது முனைவர் பட்டத்துக்கு உரிய கடினமான வேலை, கம்பைலர் எழுதுபவர்கள் கேட்கத் தயங்காத வேலை.

அதுவரை கெர்னல் எழுதுபவர்களைச் சட்டமீறிகள் என்று அழைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. அவர்கள் உருபோடுதான் எழுதினார்கள். அதை அச்சில் தொலைத்தவர்கள் வேறு.